வெட்ட மனம் வராத கூடாரம்

அன்று அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்த் தலவிலக் கடற்கரையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறேன், மகன். உன் அப்பா இருந்தார். எங்கள் பழைய தார்ப்பாய்ப் படங்கின் கயிறு தளர்ந்துவிட்டதென்று முளை அடித்துக்கொண்டு நின்றார். என் தம்பி அன்டன் இருந்தான், உன் தாய்மாமன், உன் ஞானத்தகப்பன். கடல் பக்கமாகக் குந்தியிருந்து தூண்டிலுக்கு இரை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி ரெஜினா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உன் தங்கச்சி ஸ்டெல்லா, நீ வாங்கி வந்த புதுக் கூடாரத்துக்குள் இருந்தாள். அதன் வாசலில் நீ நின்றாய். நான் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தேன், கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில். பக்கத்துக் கூடாரத்தில் வென்னப்புவவிலிருந்து வந்த சிங்களப் பெண் ஒருத்தி இருந்தாள், பெயர் தெரியாது, அவளையும் சேர்த்துக்கொள். அவ்வளவுதான். குடித்துவிட்டு நின்றவர் என்று அங்கே ஒருவரும் இல்லை.

போன ஞாயிறு அன்டனின் மாத நினைவுப் பூசை முடிந்து, கொட்டாஞ்சேனைப் பங்கு மண்டபத்தில் எல்லோரும் ரோல்ஸும் நெஸ்கபேயும் கையில் வைத்துக்கொண்டு நிற்க, நீ மைக்கைப் பிடித்தாய். "எங்கட குடும்பம் மாமாவ எப்பவோ மன்னிச்சிட்டுது. அம்மாவும் மன்னிச்சிட்டா. செத்த மனுசன்ல கோவம் வச்சிருக்கக் கூடாதுதானே" என்றாய். சனம் தலையாட்டியது. ரெஜினா கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நீ கீழே இறங்கி வந்து, என் தோளில் கை போட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினாய். பெரிய கூடாரம், நீலமும் சாம்பலும், உள்ளே அறைகள். "இந்த முறை எல்லாரும் தலவிலவுக்குப் போறம் அம்மா. பாருங்கோ, உங்கட பேத்தி ஷெரினுக்குத் தனி ரூம். உள்ளுக்கிருந்து அவவே சிப்பப் பூட்டிக்கொள்ளலாம். நீங்கதானே தலவில எக்ஸ்பர்ட், இன்னும் என்னென்ன வாங்கோணும் சொல்லுங்கோவன்." நான் நெஸ்கபேக் கோப்பையை வைத்துவிட்டு ரெஜினா பக்கம் போனேன். வயசு போய்விட்டது, காது மந்தம் என்று நினைத்திருப்பாய். எனக்கு எல்லாம் கேட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டவும் மாட்டேன். உன் மனைவி வாசிக்கட்டும், ரெஜினா வாசிக்கட்டும், மண்டபத்தில் தலையாட்டிய எல்லோரும் வாசிக்கட்டும்.

என்ன வாங்க வேண்டும் என்று கேட்டாய். சொல்கிறேன். முதலில் கூடாரம். நிறத்தைப் பார்க்காதே, பெட்டியில் உள்ள வெள்ளைக்காரக் குடும்பத்தின் பல்லைப் பார்க்காதே. எத்தனை வழியால் வெளியே வரலாம் என்று பார். ஒரு வாசல் மட்டும் உள்ள கூடாரம் சாமான் வைக்கத்தான் லாயக்கு, மனுசர் படுக்க ஆகாது. வாசலை மூடுகிற பல்லுச் சிப்பை விரித்து, ஒரு பிடி கடல் மணலை அதன் பல்லில் போட்டு இழுத்துப் பார். கடைக்காரன் விடமாட்டான், பரவாயில்லை, வாங்கி வந்து வீட்டு வாசலில் போட்டு இழு. பெரிய பல்லுள்ள தடித்த சிப் என்றால் மணலைத் துப்பிவிட்டு ஓடும். மெல்லிசு என்றால் கடித்துக்கொண்டு நிற்கும். கிழிந்தால் ஒட்டுவதற்கென்று கூடாரத்தோடு ஒரு சின்னத் துண்டுச் சீலை தருவார்கள். அதை ஒரு பீங்கானில் வைத்து ஊதுபத்தியால் சுட்டுப் பார். கருகி அணைந்தால் வீட்டுக்குள் வை. மெழுகு மாதிரி உருகிச் சொட்டினால், சொட்டிய இடத்தில் உன் சுண்டுவிரலை வைத்துப் பார். அதற்கு மேல் நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கூடாரத்தோடு தருகிற கம்பி முளை தலவில மணலில் நிற்காது. சீனிச் சாக்கில் மண் நிரப்பிக் கயிற்றில் கட்டிப் புதைக்க வேண்டும். உன் அப்பா அப்படித்தான் செய்வார். நாங்கள் வருஷா வருஷம் துறைமுகத்துப் பழைய படங்கை நாலு கம்பில் கட்டி, காற்றுப் பக்கம் மட்டும் தென்னங்கிடுகு சாத்திக்கொண்டு திருவிழா முடியும்வரை இருந்தவர்கள். மழை வந்தால் நனைந்தோம், நாய் வந்தால் விரட்டினோம். யாரும் உள்ளே அகப்பட்டது கிடையாது, ஏனென்றால் உள்ளே என்று ஒன்று இல்லை. உனக்கு அது வெட்கம். வெள்ளவத்தையில் ஒரு கொம்பனியில் வேலை கிடைத்து, முதன்முதலாகக் கழுத்தில் டை கட்டிய வருஷம் அது. "ஆக்கள் பாத்தா அகதி முகாம் எண்டு நினைப்பாங்கள் அம்மா" என்று சொன்னாய். அங்கேயே காலி வீதியில் ஒரு கடைக்குப் போய் அந்தச் செம்மஞ்சள் கூடாரத்தை வாங்கி வந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாய். நித்திரை வந்தபோதும் இறக்கி வைக்கவில்லை. ஸ்டெல்லா கேலி பண்ணினாள்: "அண்ணாக்குப் பிள்ளை பிறந்திருக்கு, ஆரும் தொடாதீங்க."

காஸ் அடுப்புக் குக்கர் வாங்கினால் வெளியே வைக்க வாங்கு. சுற்றிலும் மறைக்க மடிகிற தகரமும் சேர்த்து வாங்கு. தகரம் கிடைக்காவிட்டால் மண்ணில் குழி தோண்டி உள்ளே வை, காற்று மேலால் போய்விடும். ஐஸ் பெட்டி வாங்குவதென்றால் வெளியிலிருந்து கொக்கி போடுகிற பெரிய பெட்டி வேண்டாம். ஷெரின் ஒளித்து விளையாடுகிற வயசில் இருக்கிறாள். சந்தையில் மீன்காரர் வைத்திருக்கிற இலேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டி போதும். உள்ளேயிருந்து ஒரு குழந்தை உதைத்தால் உடையும். அழகில்லை என்பாய். உன்னுடைய அழகை நான் பார்த்துவிட்டேன்.

தூண்டிலும் வாங்கப் போகிறாயாம், சுழற்றுகிற தடி, வாயால் சொல்ல முடியாத விலை. தடி எதுவாகவும் இருக்கட்டும். தங்கூசி நூலை மட்டும் உன் கையால் அறுக்கக்கூடிய தடிப்பில் வாங்கு. அன்டன் முகத்துவாரத்துக் கல்லில் நின்று தூண்டில் போட்டவன். கொளுக்கி கல்லில் மாட்டினால் ஒரு தரம் சுண்டுவான், வராவிட்டால் இடுப்பில் கட்டியிருக்கிற கத்தியால் அறுத்துவிட்டுச் சுருட்டைப் பற்ற வைப்பான். நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு ஈயக்குண்டுக்காக அழுதுகொண்டு அலைக்குள் இறங்கினாய். தலைமயிரில் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டது யார்? "குண்டு கடையில இருக்குடா, நீ எந்தக் கடையில இருக்கிறாய்?" என்று கேட்டு இரண்டு அறை வைத்தானே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது. உனக்கு வேண்டாதது எதுவும் உன் தலையில் நிற்பதில்லை. தூண்டில் போடுகிறவனுக்குத் தடியை விடக் கத்தி முக்கியம். அதை விட, அறுப்பதற்கு மனம் முக்கியம். அது கடையில் இல்லை. உனக்கு வாங்கித் தர எனக்கு வழி தெரியவில்லை.

வீட்டுச் சாமானுக்கும் இதுதான் சட்டம். ஹெந்தளையில் நீ கட்டிய வீட்டைப் பார்த்தேன். எல்லா ஜன்னலுக்கும் பூ வேலைப்பாட்டோடு இரும்புக் கிரில், ஒன்றுகூடத் திறக்காது. கள்ளன் உள்ளே வரமாட்டான், சரி. நீங்கள் எப்படி வெளியே வருவீர்கள்? ஒவ்வொரு அறையிலும் ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்க வேண்டும், திறப்புச் சாவி ஷெரினின் கைக்கு எட்டுகிற ஆணியில் தொங்க வேண்டும். இதை வீடு குடிபுகுந்த அன்று சொன்னேன். "டிசைன் பழுதாயிடும் அம்மா" என்றாய். அன்றைக்குத்தான் உன் வாசல் கதவையும் எல்லோருக்கும் காட்டினாய். திறப்பு இல்லை, விரலைப் பதிந்துவிட்டு வைத்தால் திறக்கும். உன் மனைவி விரல் வைத்தாள், பெண் குரலில் இங்கிலீசில் வரவேற்றது. நான் வைத்தேன், வரவேற்றது. ஸ்டெல்லா வைத்தாள். வலக்கை விரல். சிவப்பு லைட் எரிந்து கதவு இல்லை என்றது. துடைத்துவிட்டு வைத்தாள், இல்லை என்றது. விரல் மாற்றி மாற்றி வைத்தாள். அந்தக் கை விரல்களில் ரேகை இல்லை, மகன், அது எங்கே போனது என்று கதவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "பரவால்ல தங்கச்சி, நீ வந்தா பெல் அடி, நாங்க திறந்து விடுறம்." அவளும் சிரித்தாள். "ஓம் அண்ணா, கதவுக்கு என்னப் பிடிக்கேல்ல போல." இடக்கையைப் பதிந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை.

இப்போது அன்றைய பின்னேரத்துக்கு வருகிறேன். உன் மனைவிக்கு நீ சொன்ன கதை வேறு என்பதால் முழுவதும் சொல்ல வேண்டும். காற்று மண்ணை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. அப்பா தேத்தண்ணி வேண்டும் என்றார். நீ அந்தச் சின்னக் காஸ் குக்கரைக் கூடாரத்துக்குள் வைத்தாய். அன்டன் இரையை வெட்டியபடியே சொன்னான்: "தம்பி, வெளியில வச்சு மூட்டச் சொல்லு. நான் வந்து தகரம் பிடிக்கிறன்." நீ என்ன சொன்னாய்? "மாமா, இது உங்கட கிடுகுக் கொட்டில் இல்ல. உள்ளுக்கே சமைக்கலாம், பெட்டியில படம் போட்டிருக்கு." ஸ்டெல்லாவிடம், "நீ மூட்டு, நான் சிப்பப் பூட்டுறன், காத்து வராது" என்று சொல்லி வெளியில் நின்று இழுத்தாய். பாதியில் இறுகியது. பலமாக இழுத்துக் கடைசிவரை கொண்டுபோனாய். "பாத்தீங்களா, நல்ல டைட்" என்று பெருமைப்பட்டாய். மணல் கடித்த சத்தத்தை நீ டைட் என்றாய்.

பிறகு கூடாரம் உள்ளேயிருந்து பளிச்சென்று வெளிச்சமானது. ஸ்டெல்லா கத்தினாள். "அம்மா" என்று கத்தவில்லை. "அண்ணா!" என்றுதான் கத்தினாள், வாசலில் நீ நிற்கிறாய் என்று அவளுக்குத் தெரியும். நீ சிப்பைப் பிடித்து இழுத்தாய். எப்படி இழுத்தாய்? இரண்டு விரலால், கலியாண உடுப்பின் சிப்பை இழுப்பது போல, பிய்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து. அப்பா முளையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ரெஜினா எழுந்தபோது வெங்காயம் சிதறியது. பக்கத்துக் கூடாரத்துப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு "கபன்ன! கபன்ன!" என்று அலறினாள். வெட்டு, வெட்டு என்று முன்பின் தெரியாத ஒரு பிறத்தியாளுக்குத் தோன்றியது. அன்டன் மீன் செதில் ஒட்டிய கையோடு, அதே கத்தியோடு பாய்ந்து வந்தான். கத்தி சீலையில் படுவதற்கு முன் நீ அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "வெட்டாதீங்கோ மாமா! வாரண்டி போயிரும்!"

நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். நீ பிடித்தது கண் மூடித் திறக்கிற நேரம்தான் என்று உனக்குள்ளே சொல்லிக்கொண்டிருப்பாய். அந்த நேரத்தின் நீளம் எனக்குத் தெரியும். ஸ்டெல்லாவின் காதடியில் தொடங்கி, கழுத்தால் இறங்கி, விரல் நுனி வரை இருக்கிறது. அவளைக் குளிப்பாட்டியவள் நான். அன்டன் முழங்கையால் உன் வாயில் இடித்துத் தள்ளிவிட்டு, மேலிருந்து கீழே ஒரே வெட்டாக வெட்டினான். உருகி ஒழுகிக்கொண்டிருந்த சீலையை வெறுங்கையால் பிய்த்து அவளை வெளியே இழுத்தான். உன் மீசைக்குக் கீழே இருக்கிற தழும்பு கிரிக்கெட் விளையாடி வந்ததென்று உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறாயாம். மருமகள், அது பந்து அல்ல. அது என் தம்பியின் முழங்கை.

ஆஸ்பத்திரி விறாந்தையில், பார்க்க வந்த சொந்தக்காரருக்கெல்லாம் நீ கதை சொல்லத் தொடங்கினாய். "மாமா தண்ணியில இருந்தவர். அவர்தான் குக்கர உள்ளுக்கு வைக்கச் சொன்னவர். கத்தியத் தூக்கிக்கொண்டு தடுமாறினவர், நான் பிடிச்சிருக்காட்டி அவளக் குத்தியிருப்பார்." அன்டன் குடிக்கிறவன்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் தலவிலவில் கொடியேற்றிய நாளிலிருந்து திருவிழா முடிகிறவரை ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டான். அது அன்னம்மாளுக்கு அவன் வைத்த நேர்த்தி. கலியாணத்துக்கு முன்பிருந்தே காத்து வந்தான். வருஷம் முழுக்கக் கெட்டுத் திரிந்த மனுசனுக்கு நல்லவனாக இருக்க இருந்த கொஞ்ச நாள் அது. அதில்தான் நீ கை வைத்தாய்.

நான் எழும்பி உன்னை எல்லோருக்கும் முன்னால் கிழிக்கத்தான் போனேன். அன்டன் மறித்தான். இரண்டு கையிலும் கட்டு, பிளேன்டித் தேத்தண்ணியை நான்தான் வாயில் பிடித்துப் பருக்கினேன். "அக்கா, விடுங்க. பொடியனுக்கு சம்பந்தம் பேசுறாங்க. இதக் கேட்டா அந்தப் பொண்ணு வீட்டாக்கள் வருவாங்களா? நான் குடிகாரன் எண்டு கொட்டாஞ்சேனைக்கே தெரியும். அதில இதயும் போடுங்க." "இன்னைக்குக் குடிச்சியாடா?" என்று கேட்டேன். "ஆருக்குத் தெரியோணுமோ அவக்குத் தெரியும்" என்றான். தான் உயிரோடு இருக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது என்று கட்டுப் போட்ட கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினான். திறக்கவில்லை. உன் கலியாணத்தில் அவனைக் கடைசி மேசையில் இருத்தினாய், அவனுக்கு மட்டும் கிளாஸ் வைக்க வேண்டாம் என்று பரிமாறுகிறவனிடம் சொன்னாய், அப்போதும் திறக்கவில்லை. அவன் பிறகு தலவிலவுக்கு வரவே இல்லை. இப்போது அவன் போய்விட்டான், சத்தியமும் அவனோடு குழிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ மைக்கைப் பிடித்து அவனை மன்னிக்கிறாய்.

நீ வாரண்டி என்று கத்தியதை நான் பொறுத்திருப்பேன், மகன். பயத்தில் மனுசன் வாயில் எதுவும் வரும். பொய்யைக்கூடக் கோழைத்தனம் என்று தள்ளியிருப்பேன், கோழைப் பிள்ளைகளையும் தாய்மார் பெற்று வளர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஸ்டெல்லா ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாழையிலையில் கிடந்தபோது, நீ எங்கள் வீட்டுக் குழாயடியில் அந்தக் கூடாரத்தைக் கழுவினாய். நான் கஞ்சி எடுக்க வந்தபோது பார்த்தேன். கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, காயப் போட்டு, பெட்டியில் இருந்த மடிப்பு மாதிரியே மடித்து, வாரண்டிக் கார்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக் கடைக்குப் போனாய். சிப் பழுது, மாற்றித் தாருங்கள் என்று கேட்கப் போனாய். அப்போது உனக்குப் பயம் இல்லை. நெருப்பும் இல்லை. பஸ் எடுத்துப் போனாய். கடைக்காரன் விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, "மாமா வெட்டாம இருந்திருந்தா மாத்தித் தந்திருப்பாங்கள்" என்று சொன்னாய். நான் கஞ்சிப் பாத்திரத்தை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆகவே என் புத்தி இதுதான், முகாம் போடுகிறவனுக்கும், தூண்டில் போடுகிறவனுக்கும், வீடு கட்டுகிறவனுக்கும். வெட்டவோ உடைக்கவோ மனம் வராத சாமானை வாங்காதே. வாங்கினால் அது உன்னுடையதாகாது, நீதான் அதற்குக் காவல்காரன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் புதுக் கூடாரத்தை ஹெந்தளையில் விரிக்காதே. இங்கே கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் கட்டு. ஷெரினின் அறையில் நீ படு. சிப்பை நான் வெளியிலிருந்து பூட்டுவேன். கையில் கத்தி தருவேன். உள்ளேயிருந்து, உன் கையால், அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு அதை வெட்டிக்கொண்டு வெளியே வா. புதுசாக இருக்கும்போதே, வாரண்டி இருக்கும்போதே. வெட்டிய இடத்துக்கு ஸ்டெல்லா இடக்கையால் கரை அடித்து, தள்ளினால் விரிகிற ஒட்டுப் பட்டி வைத்துத் தைப்பாள், நான் கேட்டுவிட்டேன். "அண்ணா பாவம் அம்மா" என்றாள். அவள் அப்படித்தான் சொல்வாள், அவளுடைய மனசு அவளோடு. வெட்டினாயானால் நானும் தலவிலவுக்கு வருகிறேன், ரெஜினாவும் வருவாள், கூடாரத்துக்கு வெளியே படங்கில் படுப்போம். வெட்ட முடியாவிட்டால் ஷெரின் என்னோடு கொட்டாஞ்சேனையில் இருப்பாள், நீ உன் கூடாரத்தோடு போய் வா. மருமகள், இதில் அவன் சொல்லைக் கேட்காதே, என் சொல்லைக் கேள்.

வெட்டினால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்காதே. அது ஷெரினுக்காக. மண்டபத்தில் நான் மன்னித்துவிட்டதாக என் வாயால் நீ சொன்னாய், அதை நானே திருத்துகிறேன். அப்பாவை மன்னித்தேன், தேத்தண்ணி கேட்டது குற்றமில்லை. படம் போட்டுப் பெட்டி விற்றவனை மன்னித்தேன், அவனுக்கு ஸ்டெல்லா யார்? அன்டனை மன்னிக்க எனக்கு ஒன்றும் இல்லை, அவன்தான் எங்களை மன்னித்துவிட்டுப் போனான். நான் மன்னிக்காத ஆள் ஒருவன் இருக்கிறான், கண் மூடும்வரை மன்னிக்கவும் மாட்டேன். ஞானஸ்நானத் தொட்டியடியில் சாமி, பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டபோது, அவனைக் கையில் ஏந்தி நின்ற என் தம்பி அன்டன், கோயில் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னான்.

ஜெரோம்.